வெற்றி நாளின் ‘நாம்’: விளையாட்டு வீரர்களுக்கு ஊடகங்கள் இடும் அடையாளங்கள்

2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்திய அணி ஆஸ்திரேலியாவிடம் 6 விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. மறுநாள் காலை பாளையங்கோட்டைத் தேநீர்க் கடைகளில் அதைப் பற்றி நான் கேட்ட பேச்சில் திரும்பத் திரும்ப வந்த சொல் ‘தோத்துட்டானுவ’ என்பது. ஏழு மாதம் கழித்து, 2024 ஜூன் 29 இரவு பார்படோஸில் தென்னாப்பிரிக்காவை 7 ரன்னில் வென்று இந்திய அணி இருபது ஓவர் உலகக் கோப்பையைக் கைப்பற்றிய மறுநாள், அதே கடைகளில் கேட்ட சொல் ‘ஜெயிச்சிட்டோம்லா’. இரண்டு சொல்லிலும் எழுவாய் தனியாக இல்லை. வினைமுற்றின் விகுதியே யார் என்பதைச் சொல்லிவிடுகிறது. முதல் விகுதி அணியை எங்கோ தொலைவில் நிறுத்துகிறது. இரண்டாவது விகுதி பேசுகிறவரையும் கேட்கிறவரையும் மைதானத்துக்குள் கொண்டுபோய்விடுகிறது. தேநீர்க் கடையில் யாரும் எண்ணிப் பார்த்துச் செய்யாத இந்த விகுதி மாற்றம், நாளிதழ்களிலும் தொலைக்காட்சிகளிலும் அடைமொழி மாற்றமாக வருகிறது என்பதையும், அது சிலருடைய வாழ்க்கையில் எவ்வளவு ஆழமான காயத்தை உண்டாக்கியிருக்கிறது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வென்றவரோடு தன்னைச் சேர்த்துக்கொள்வதும் தோற்றவரிடமிருந்து விலகிக்கொள்வதும் மனித இயல்பு என்று நாம் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருந்ததை, அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் 1976-இல் வெளியிட்ட ஆய்வில் அளந்து காட்டினார்கள். ஏழு பல்கலைக்கழகங்களின் மாணவர்களைக் கவனித்தபோது, தங்கள் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி வென்ற வாரத்தின் திங்கட்கிழமையில் பல்கலைக்கழகத்தின் பெயரோ சின்னமோ பொறித்த உடையை அணிந்து வருபவர்கள் கூடுதலாக இருந்தார்கள். தொலைபேசியில் ஆட்டத்தைப் பற்றி விவரிக்கச் சொன்னபோது, வெற்றியை விவரித்தவர்கள் ‘நாம்’ என்ற சொல்லைத் தோல்வியை விவரித்தவர்களைவிட அதிகம் பயன்படுத்தினார்கள். ஆங்கிலத்தில் அந்த உறவைக் காட்டுவதற்கு ஒரு பிரதிப்பெயரைத் தனியாகச் சொல்ல வேண்டும். தமிழில் வினையே அதைச் சொல்கிறது. மேலும் கேட்பவரை உள்ளடக்கும் ‘நாம்’, கேட்பவரை விலக்கும் ‘நாங்கள்’ என்று நமக்குத் தன்மைப் பன்மை இரண்டு இருக்கிறது. விளையாட்டுப் பக்கத்தில் ‘நம் வீரர்கள்’ என்று அச்சாகுமே தவிர, ‘எங்கள் வீரர்கள்’ என்று அச்சாவது அரிது. எழுதுகிறவர் வாசகரைத் தோளில் கைபோட்டு அழைத்துச் செல்கிறார். யார் அந்த வாசகர், எந்த ஊரில் இருக்கிறார், எந்த மொழி பேசுகிறார் என்பதைப் பொறுத்தே அந்த ‘நாம்’ விரிகிறது அல்லது சுருங்குகிறது.

உலக அளவில் இதற்கு அதிகம் எடுத்துக்காட்டப்படுபவர் டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரே. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1987-இல் பிறந்து டன்பிளேனில் வளர்ந்தவர். வென்றால் பிரிட்டன் வீரர், தோற்றால் ஸ்காட்லாந்து வீரர் என்று இங்கிலாந்து ஊடகங்கள் அவரை எழுதுகின்றன என்ற பேச்சு, அவர் முன்னணிக்கு வந்த காலத்திலேயே ஸ்காட்லாந்தில் பரவிவிட்டது. ஒவ்வொரு நாளிதழும் ஒவ்வொரு முறையும் அப்படித்தான் எழுதியது என்று நான் வாதிடவில்லை. ஆனால் அந்தப் பேச்சு நம்பப்பட்டதற்கு ஒரு காரணம் இருந்தது: இரண்டு அடையாளமுமே உண்மை. ஒலிம்பிக்கிலும் டேவிஸ் கோப்பையிலும் பிரிட்டன் ஒரே அணியாக ஆடுகிறது. கால்பந்திலோ இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என்று நான்கு அணிகள். ஆகவே எழுதுகிறவர் எந்தச் சொல்லை எடுத்தாலும் பிழை என்று யாரும் திருத்த முடியாது. பொய் சொல்லாமலேயே ஒருவரைச் சேர்க்கவும் விலக்கவும் முடிகிற இடம் இதுதான்; நம் கவனம் இருக்க வேண்டிய இடமும் இதுதான்.

மர்ரே 2013-இல் விம்பிள்டனை வென்றபோது, 1936-இல் பிரெட் பெர்ரி வென்றதற்குப் பிறகு 77 ஆண்டு கழித்து பிரிட்டனுக்குக் கிடைத்த வெற்றி என்று பலரும் எழுதினார்கள். 1977-இல் விர்ஜீனியா வேட் மகளிர் ஒற்றையரில் வென்றது அந்தக் கணக்கில் மறைந்துபோயிற்று. தேசத்தின் பெயரைச் சொல்லும்போது அதில் பாதிப் பேரை விட்டுவிடும் இந்த வழக்கத்தை மர்ரேயே பின்னாளில் பலமுறை திருத்தினார். 2016 ரியோ ஒலிம்பிக்கில், டென்னிஸில் இரண்டு தங்கம் வென்ற முதல் மனிதர் என்று ஒரு தொலைக்காட்சியாளர் அவரைப் பாராட்டியபோது, வீனஸும் செரீனாவும் ஆளுக்கு ஏறத்தாழ நான்கு வென்றிருக்கிறார்களே என்று அந்த இடத்திலேயே சொன்னார். தன் மேல் ஒட்டப்படும் சீட்டை ஒரு வீரர் நின்று படித்துப் பார்த்துத் திருத்திய அரிய நிகழ்வு அது.

அடைமொழி எவ்வளவு விரைவாக நகரும் என்பதற்கு 1988 சியோல் ஒலிம்பிக்கைப் போல வேறொன்றைக் காட்ட முடியாது. ஜமைக்காவின் ஃபால்மவுத்தில் பிறந்து, சிறுவனாகக் கனடாவுக்குக் குடிபெயர்ந்த பென் ஜான்சன், செப்டம்பர் 24 அன்று 100 மீட்டரை 9.79 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். அன்று அவர் கனடாவின் பெருமை. மூன்றே நாளில் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கிப் பதக்கம் பறிக்கப்பட்டதும், ‘ஜமைக்காவில் பிறந்த’ என்ற தொடர் அவர் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டதைக் கனடாவிலேயே பலர் கவனித்து எழுதினார்கள். அவர் செய்த தவறு பெரிது. அதற்கான தண்டனையும் அவருக்குக் கிடைத்தது. ஆனால் தவறைச் செய்தவர் கனடாவில் பயிற்சி பெற்ற, கனடாவின் பயிற்சியாளரும் மருத்துவரும் சூழ இருந்த கனடாக் குடிமகன். பிறந்த ஊரை அங்கே இழுத்ததன் ஒரே பயன், அந்தத் தவறை நாட்டின் எல்லைக்கு வெளியே கொண்டுபோய் வைப்பதுதான்.

இதே அனுபவத்தை வீரர்களே வெளிப்படையாகப் பேசியது 2018-இல். ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷனில் பிறந்த துருக்கிய வம்சாவளியினரான மெசுட் ஓசில், 2014-இல் உலகக் கோப்பையை வென்ற ஜெர்மன் அணியில் ஆடியவர். 2018 மே மாதம் துருக்கி அதிபர் எர்டோகனுடன் அவர் எடுத்துக்கொண்ட புகைப்படம் ஜெர்மனியில் பெரும் சர்ச்சையானது. அடுத்த மாதம் ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையின் முதல் சுற்றிலேயே ஜெர்மனி வெளியேறியதும் பழி அவர் மேல் திரும்பியது. ஜூலையில் தேசிய அணியிலிருந்து விலகியபோது, வென்றால் தான் ஜெர்மானியர், தோற்றால் குடியேறி என்ற பொருளில் அவர் எழுதியது உலகெங்கும் பரவியது. அந்தப் புகைப்படத்தை விமர்சிக்க நியாயமான அரசியல் காரணங்கள் இருந்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் விமர்சனம் அவர் செய்த செயலோடு நிற்காமல், அவர் உண்மையில் எந்த நாட்டவர் என்ற கேள்வியாக மாறியது. அதே ஆண்டு பெல்ஜியத்தின் முன்கள ஆட்டக்காரர் ரொமெலு லுகாகு, ஆட்டம் நன்றாக அமைந்தால் தன்னைப் பெல்ஜிய வீரர் என்றும், அமையாவிட்டால் காங்கோ வம்சாவளிப் பெல்ஜிய வீரர் என்றும் நாளிதழ்கள் குறிப்பிட்டதை எழுதினார். அவர் பிறந்தது பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில்.

நம் நாட்டுக்கு வருவோம். சட்டத்தின் அளவில் இந்தியாவில் குழப்பம் குறைவு. 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வெளிநாடு வாழ் இந்தியக் குடிமகன் அட்டை முழுக் குடியுரிமை ஆகாது. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் மட்டுமே இந்தியாவுக்காக விளையாடலாம் என்று 2008-இன் இறுதியில் மத்திய அரசு கொள்கை வகுத்தது. சென்னையின் டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜின் மகன், அமெரிக்கக் குடிமகனான பிரகாஷ் அமிர்தராஜ், அதுவரை இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பை ஆடிக்கொண்டிருந்தவர். அந்தக் கொள்கையோடு அவருக்கு அந்த வாய்ப்பு முடிந்தது. இவ்வளவு தெளிவாகச் சட்டம் இருந்தும், அடுத்த இரண்டு ஆண்டுக்குள் நடந்த ஒரு செயல் என்னை இன்றும் வருத்துகிறது. மயிலாடுதுறையில் பிறந்து சென்னையில் வளர்ந்த விஸ்வநாதன் ஆனந்த், ராஜீவ் காந்தி கேல் ரத்னா விருதின் முதல் பெறுநர். 2010 மே மாதம் சோபியா நகரில் உலகச் சதுரங்கப் பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டவர். ஆகஸ்டில் ஹைதராபாத் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் வழங்க முன்வந்தபோது, அவர் ஸ்பெயினில் வசித்த காரணத்தால், அவர் இந்தியக் குடிமகன்தானா என்று மத்திய அமைச்சகம் கேள்வி எழுப்பி, அதற்கான கோப்பினை நிறுத்திவைத்தது. அவரிடம் இருந்தது இந்தியக் கடவுச்சீட்டு. ஒவ்வொரு போட்டியிலும் அவர் முன்னால் இருந்தது இந்தியக் கொடி. அமைச்சர் பிறகு அவரிடம் வருத்தம் தெரிவித்தார். ஆனந்த் அந்தப் பட்டத்தை ஏற்கவில்லை. வெற்றி பெற்றவராக இருந்தும் அவருக்கு இது நேர்ந்தது என்றால், வெற்றி தருகிற ‘நாம்’ எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அதே சதுரங்கம், பதினான்கு ஆண்டு கழித்து, வேறொரு காட்சியைக் காட்டியது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனார் குகேஷ். சென்னையில் பிறந்து, சென்னைப் பள்ளியில் படித்து, சென்னையில் ஆட்டம் கற்றவர். வீட்டு மொழி தெலுங்கு. அன்று மாலையே ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடு அவரை ‘நம் தெலுங்குப் பையன்’ என்ற பொருளில் வாழ்த்தினார்; தமிழ்நாட்டு முதல்வர் மு.க. ஸ்டாலின் சென்னையின் பெருமையாக வாழ்த்தி, 5 கோடி ரூபாய் பரிசும் அறிவித்தார். சமூக ஊடகங்களில் இரு மாநிலத்தாரும் பல நாள் சண்டையிட்டார்கள். 2016-இல் ரியோவில் வெள்ளி வென்ற பி.வி. சிந்துவுக்காக ஆந்திரமும் தெலங்கானாவும் போட்டி போட்டுப் பரிசு அறிவித்ததும் இதே வகை. இதில் தமிழர் தரப்பில் நின்று சொல்லக்கூடியது ஒன்று உண்டு: தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக வாழும் தெலுங்கு பேசும் குடும்பங்கள் தமிழ்நாட்டவர்கள்தான், கோவில்பட்டி, கழுகுமலை, எட்டயபுரம் வட்டாரங்களில் பிறந்து வளர்ந்த எவருக்கும் அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேர்தல் மேடையில் அவர்களை ‘வந்தேறி’ என்று ஏசிவிட்டு, பதக்கம் வந்த நாளில் ‘தமிழன்’ என்று கொண்டாடுவது எவரிடம் இருந்தாலும், அது மர்ரேக்கு நடந்ததாகச் சொல்லப்பட்டதிலிருந்து வேறானதன்று.

வடகிழக்கு மாநிலத்தவரின் குறை இன்னும் கசப்பானது. 2021 ஜூலை 24 அன்று டோக்கியோவில் மணிப்பூரின் மீராபாய் சானு பளுதூக்குதலில் வெள்ளி வென்றபோது, பதக்கம் வென்றால் மட்டுமே எங்களை இந்தியர் என்கிறீர்கள், மற்ற நாட்களில் சீனர் என்றும் நேபாளி என்றும் கேலி செய்கிறீர்கள் என்று அப்பகுதியினர் வெளிப்படையாக எழுதினார்கள். அதே ஒலிம்பிக்கில் வந்தனா கட்டாரியா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்து, ஒலிம்பிக் ஆக்கியில் அந்தச் சாதனை படைத்த முதல் இந்தியப் பெண் ஆனார். அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் அணி தோற்ற அன்று, ஹரித்வார் அருகில் உள்ள அவர் வீட்டின் முன் சிலர் கூடிச் சாதிப் பெயரைச் சொல்லி வசைபாடினார்கள். 2021 அக்டோபரில் பாகிஸ்தானிடம் இந்திய அணி தோற்றபோது பதினோரு பேரில் முகமது ஷமி ஒருவரை மட்டும் அவருடைய மதத்தின் பெயரால் தாக்கினார்கள்; அணித்தலைவர் விராட் கோலி அவர் பக்கம் உறுதியாக நின்றது பதிவாகியிருக்கிறது. சானியா மிர்சாவுக்கோ தோற்க வேண்டிய தேவைகூட இருக்கவில்லை. 2014-இல் தெலங்கானாவின் விளம்பரத் தூதராக அவர் அறிவிக்கப்பட்டவுடன், பாகிஸ்தான் கிரிக்கெட் வீரரை மணந்திருந்த அவரைப் பாகிஸ்தானின் மருமகள் என்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் சொன்னார். அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க ஓபன் கலப்பு இரட்டையர் பட்டத்தை அவர் வென்றார். மருமகள் என்ற உறவுமுறைச் சொல், ஒரு பெண்ணின் நாட்டையே மாற்றிவிடும் கருவியாக அங்கே பயன்பட்டது. வெளிநாட்டில் பெண் எடுத்த ஆண் வீரர் எவரையும் அந்நாட்டின் மருமகன் என்று சொல்லி நாட்டுப்பற்றைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

தமிழரின் ‘நாம்’ எவ்வளவு நேரானது என்று பார்ப்பதற்கு முத்தையா முரளிதரனைவிடக் கடினமான சோதனை கிடையாது. கண்டியைச் சேர்ந்த தமிழர்; அவருடைய பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போனவர். தாமிரபரணிக் கரைக் கிராமங்களில் ‘கொழும்புக்குப் போன’ ஓர் உறவினரைப் பற்றிய பேச்சு இல்லாத குடும்பம் குறைவு. தூத்துக்குடியிலிருந்து கப்பலேறிய அந்தத் தலைமுறையின் கதை இங்கே வீட்டுக் கதை. அதனால்தான் முரளிதரன் 2010-இல் தன் 800-ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தபோது நெல்லைச் சீமையில் அதைக் குடும்பச் செய்தி போலப் பேசினார்கள். ஆனால் 2009-இல் முடிந்த போரின் கொடுமையும், அதைப் பற்றி அவர் சொன்னவையும் சொல்லாதவையும் தமிழ்நாட்டில் அவர் மேல் கடும் கோபத்தை உண்டாக்கின. 2013-இல், இலங்கை வீரர்கள் சென்னையில் ஆடக்கூடாது என்ற தமிழ்நாட்டு அரசின் நிலைப்பாட்டை ஏற்று, ஐபிஎல் நிர்வாகம் அவர்களைச் சென்னை ஆட்டங்களிலிருந்து விலக்கியது. அப்போது பெங்களூரு அணியில் இருந்த முரளிதரனும் விலக்கப்பட்டவர்களில் ஒருவர். இலங்கை மைதானத்தில் தமிழராகவும், சென்னை வாசலில் இலங்கையராகவும் ஒரே மனிதர் நிறுத்தப்பட்டார். ஈழத் தமிழர்களின் துயரத்துக்காக எடுக்கப்பட்ட முடிவின் நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தத் துயரம் எங்களுடையதும்தான். ஆயினும் கடவுச்சீட்டின் நிறத்தை மட்டும் பார்த்து வகுக்கப்படும் விதி, தமிழரைக் காக்கும் பெயரில் ஒரு தமிழரை வெளியே நிறுத்தியது என்பதை எழுதாமல் விடுவது சரியாகாது.

‘தமிழ் வம்சாவளி’ என்ற தொடரை நம் நாளிதழ்கள் எப்போது எடுக்கின்றன என்பதும் கவனிக்கத்தக்கது. 2025 நவம்பரில் குவஹாத்தி டெஸ்டில் தென்னாப்பிரிக்காவின் சேனுரன் முத்துசாமி 109 ரன் எடுத்தபோது, டர்பனில் பிறந்த அவருடைய தமிழ்நாட்டு வேர் இங்கே செய்தியானது. அடிபட்டது இந்திய அணி என்றபோதும் பெருமை நிற்கவில்லை. மலேசிய ஸ்குவாஷ் வீராங்கனை சிவசங்கரி சுப்பிரமணியம் 2024-இல் லண்டன் பட்டத்தை வென்றதும் இதே வகையில் பேசப்பட்டது. மறுபக்கம், 1999 முதல் 2003 வரை இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கிய நாசர் ஹுசைன் சென்னையிலேயே பிறந்தவர். முத்துசாமியைச் சொந்தம் கொண்டாடிய சூட்டில் பத்தில் ஒரு பங்கும் அவருக்குக் கிடைத்ததில்லை. பிறந்த மண் அளவுகோல் என்றால் நாசருக்கே முன்னுரிமை. நாம் உண்மையில் அளப்பது பெயரின் ஒலியை. முத்துசாமி என்ற பெயரை ஆலங்குளத்திலோ அம்பாசமுத்திரத்திலோ கூப்பிட்டால் நான்கு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த நெருக்கம் இயல்பானது, அதில் குற்றம் இல்லை. அதைத் தேசியத்தின் அளவுகோலாக ஆக்கும்போதுதான் குற்றம் தொடங்குகிறது.

திருநெல்வேலியிலிருந்து இதை எழுதுவதற்கு எனக்கு ஒரு காரணம் உண்டு. தமிழ் வெகுமக்கள் நாளிதழின் வேர்களில் இரண்டு இந்த மண்ணில் இருக்கின்றன. 1942-இல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் திருச்செந்தூர் அருகே காயாமொழியில் பிறந்தவர். ‘நாம் தமிழர்’ என்ற பெயரில் 1958-இல் இயக்கம் தொடங்கியவரும் அவரே. 1951-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய தினமலர், 1957-இல் திருநெல்வேலிக்கு இடம் மாறியது. ஒரே நாளிதழை ஊருக்கு ஊர் வெவ்வேறு பதிப்பாக அச்சிடும் முறை வளர்ந்தபோது, விளையாட்டு வீரரின் அடையாளமும் பதிப்புக்குப் பதிப்பு மாறத் தொடங்கியது. தேசியப் போட்டியில் ஒரு பெண் பதக்கம் வென்றால், டெல்லி ஊடகத்தில் அவர் பெயர் பட்டியலின் ஒரு வரி. சென்னைப் பதிப்பில் ‘தமிழக வீராங்கனை’. நெல்லைப் பதிப்பில் ‘நெல்லை வீராங்கனை’. மாவட்டப் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் அவருடைய கிராமத்தின் பெயரும், தலைமையாசிரியர் சால்வை போர்த்தும் படமும். இந்தச் சுருக்கத்தை நான் குறையாகக் கருதவில்லை. கிராமத்தின் பெயர் வரை இறங்கும் அந்தக் கடைசிப் பதிப்பில்தான், அவருக்கு ஓட்டக் காலணி வாங்கிக் கொடுத்த உடற்கல்வி ஆசிரியரின் பெயரும் அச்சாகிறது. தேசம் என்ற பெரிய சொல்லில் அவருக்கு இடம் கிடைப்பதே இல்லை.

ஆனால் ஊர் அடையாளமும் நிலையானதன்று என்பதற்கு மணத்தி கணேசன் சான்று. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர். 1995-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது பெற்றவர். மணத்தி அவர் பிறந்தபோது திருநெல்வேலி மாவட்டம். 1986 அக்டோபரில் மாவட்டம் பிரிந்தபோது அந்த ஊர் வ.உ.சிதம்பரனார் பெயரிட்ட மாவட்டத்துக்குப் போயிற்று. மிச்சப் பகுதி நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் ஆயிற்று. 1997-இல் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டபோது அவை தூத்துக்குடி, திருநெல்வேலி என்று ஆயின. அவர் ஒரே மண்ணில் சடுகுடு பாடிக்கொண்டிருக்க, அவரைக் குறிக்கும் மாவட்டத்தின் பெயர் மட்டும் இரண்டு முறை மாறியது. அவர் வாழ்க்கையைத் தழுவிய திரைப்படம் 2025-இல் வெளியான பிறகு, முப்பது ஆண்டாக அவரை எழுதாதவர்களும் எழுதினார்கள். ஹிரோஷிமாவில் வென்ற அந்த நாளில் தேசிய ஊடகங்களில் கபடிக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. ‘இந்திய வீரர்’ என்ற அடைமொழிகூட எல்லா விளையாட்டுக்கும் சமமாக வழங்கப்படுவதில்லை.

கோவில்பட்டி ஆக்கியும் இப்படிப்பட்ட கேள்வியை எழுப்புகிறது. 2022 ஜூன் 1 அன்று ஜகார்த்தாவில் வெண்கலம் வென்ற ஆசியக் கோப்பை அணியில் இருவர் தமிழ்நாட்டிலிருந்து ஆடினார்கள்: கோவில்பட்டியைச் சேர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வம். கார்த்தி பிறந்தது அரியலூர். அவருடைய ஆட்டம் உருவானது கோவில்பட்டியில் உள்ள தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதியில். ‘சேர்ந்த’ என்ற ஒற்றைச் சொல் பிறப்பை மட்டும் காட்டுகிறது. பயிற்சி தந்த ஊரையும், அங்கே தலைமுறையாக மட்டை பிடித்துச் சிறுவர்களுக்குக் கற்றுத்தந்தவர்களையும் அது மறைத்துவிடுகிறது. செய்தி எழுதுபவர்கள் ‘கோவில்பட்டியில் பயிற்சி பெற்ற’ என்று இரண்டு சொல் கூடுதலாக எழுதினால் இடம் ஒன்றும் குறைந்துவிடாது. (தாழையூத்து சங்கர் நகர் மைதானத்தில் ஆடப்படும் தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் நெல்லையின் பெயரைத் தாங்கிய அணியில் மாநிலத்தின் பல ஊர்க்காரர்கள் ஆடுகிறார்கள், நெல்லை மக்கள் அவர்களுக்குக் கைதட்டத் தயங்கியதில்லை.)

எல்லா வட்டங்களிலும் குறுகியது சாதி. நெல்லைச் சீமையில் இதைத் தவிர்த்து எழுதுவது நேர்மையாகாது. 2016-இல் சிந்து பதக்கத்தை நோக்கி முன்னேறிக்கொண்டிருந்த நாட்களில் அவருடைய சாதி என்ன என்று இணையத்தில் தேடியவர்கள் பெருகினார்கள் என்ற செய்தியைப் படித்து வருந்தினோம். ஆனால் நம் ஊர்களில் தேடத் தேவையில்லை, சாலையோரப் பதாகையே சொல்லிவிடும். வென்ற வீரரின் படத்தைத் தங்கள் சங்கத்தின் வண்ணத்தில் அச்சிட்டு, ‘நம் இனத்தின் சிங்கம்’ என்று நிறுத்தும்போது, அவருடன் அதே அணியில் ஆடிய மற்றவர்கள் அந்த ‘நம்’முக்கு வெளியே போய்விடுகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவர் உடன் படித்தவர்களாலேயே வெட்டப்பட்டதை அடுத்து அமைக்கப்பட்ட நீதியரசர் கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கைக்கயிறுகளைப் பள்ளிகளில் தடை செய்யப் பரிந்துரைத்தது. மாணவனின் மணிக்கட்டில் வேண்டாம் என்று சொல்லப்பட்ட வண்ணம், அதே மாணவன் மாநிலப் போட்டியில் வென்றுவந்தால் வரவேற்புப் பதாகையில் நிற்கிறது. அந்தப் பதாகையின் படத்தை நாளிதழ் அப்படியே வெளியிடுவதா, வீரரின் முகத்தை மட்டும் வெட்டி எடுத்து வெளியிடுவதா என்பது மாவட்டச் செய்தியாளர் எடுக்க வேண்டிய முடிவு. இரண்டாவதே சரி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்படியானால் அடையாளமே வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். ஒரு வீரர் எங்கிருந்து வந்தார் என்பது அவர் கதையின் பாதி. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியின் துணைத்தலைவி, சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதியான கண்ணகி நகரின் பெயரோடு சேர்த்தே நாடு முழுவதும் அறியப்பட்டார். இழிவாகப் பேசப்பட்டுவந்த ஓர் இடத்தின் பெயர் அவரால் பெருமைச் சொல்லாயிற்று. ‘கூலித் தொழிலாளியின் மகள்’ என்று தலைப்பிடுவதைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு: வறுமையின் தடையைச் சொல்வது தேவை, ஆனால் தொழிலதிபரின் மகன் வென்றால் அந்தத் தொழில் தலைப்பில் வருவதில்லை. செய்தியறையில் பயன்படக்கூடிய சோதனை எளியது. தலைப்பை எழுதிய பிறகு, ‘வென்றார்’ என்ற இடத்தில் ‘தோற்றார்’ என்று வைத்துப் படித்துப் பார்ப்பது. அப்போதும் அதே அடைமொழியை எழுதுவோம் என்றால் வைத்துக்கொள்ளலாம், கை தயங்கினால் எடுத்துவிடலாம்.

இந்தச் சோதனையில் தமிழ்நாடு ஒருமுறை தேறியிருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டின் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் அவரை ஆய்வு செய்து, அதன் முடிவைக் காட்டிப் பதக்கத்தைப் பறித்தார்கள்; ஊக்கமருந்து எதையும் அவர் தொடவில்லை, எவரையும் ஏமாற்றவில்லை. ‘இந்திய வீராங்கனை’ என்று முந்தைய நாள் எழுதியவர்கள் அவருடைய உடலைப் பற்றி எழுதத் தொடங்கினார்கள். தேசியத் தடகள அமைப்பு அவருக்காக வாதாட முன்வரவில்லை. அந்த நாட்களில், பதக்கம் போய்விட்டது என்று தெரிந்தும், அன்றைய முதல்வர் மு. கருணாநிதி அவரை அழைத்து, அறிவித்திருந்த 15 லட்சம் ரூபாயை வழங்கினார். சாந்தி அந்தப் பணத்தில் ஒரு பகுதியைத் தன் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தரச் செலவிட்டார். பிறகு வறுமை அவரை மீண்டும் செங்கல் சூளைக்கே அனுப்பியதும், நீண்ட போராட்டத்துக்குப் பின் அரசுப் பயிற்சியாளர் பணி கிடைத்ததும் செய்திகளாயின. தோஹாவின் அதிகாரபூர்வப் பட்டியலில் அவர் பெயர் இன்றுவரை திரும்பவில்லை. அவரிடம் ஓடப் பழகிய பிள்ளைகள் அவரை ‘சாந்தி அக்கா’ என்றுதான் அழைத்தார்கள்.